தரகர் விற்கும் இடம் பல்கலைக்கழகத்தில் இல்லை

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் தமிழ், இந்து நாகரிகம், வரலாறு ஆகிய பாடங்களில் சித்தியடைந்துள்ள அவருடைய மகள் பண்டைய உலகையும் அதன் சமயங்களையும் பேராதனையில் கற்க விரும்புகிறார். முற்பணம் கொடுத்தால் "அந்தத் துறையில்" இடம் எடுத்துத் தருவதாக ஹட்டனில் ஒருவர் சொல்கிறாராம். அவரை நம்பலாமா என்றும், இலத்தீனோ நல்ல ஆங்கிலமோ தெரியாத பிள்ளையால் இதைப் படிக்க முடியுமா என்றும் கேட்கிறார்.

ஐயா, ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அரச பல்கலைக்கழக அனுமதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, உயர்தரப் பெறுபேறுகளிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியைக் கொண்டே தீர்மானிக்கிறது. மேலும், அவர் விற்பதாகச் சொல்லும் பொருளே கிடையாது. உங்கள் மகள் விண்ணப்பிக்க வேண்டியது கலைப் பட்டநெறிக்குத்தான்; உள்ளே சென்ற பிறகு பாடங்களைத் தெரிந்தெடுத்து, பெறுபேறுகள் இடங்கொடுத்தால், 4 ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்குத் தன் துறையைத் தேடிக்கொள்வார். "இலகுவான பாடம் எடுத்தால் இசட் புள்ளி ஏறும்" என்று டியூசன் வகுப்புகளில் சொல்வதும் இதே வகைப் பொய்தான். ஒவ்வொரு பாடத்தின் சராசரியையும் நியம விலகலையும் கொண்டு அந்தப் புள்ளி கணிக்கப்படுவதே, பாடங்களுக்கிடையிலான அந்த வேறுபாட்டைச் சமன் செய்யத்தான்.

இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. இணையவழி விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறவர்கள், அது கொமியுனிகேஷன் கடையாக இருந்தாலும் சரி, தங்கள் மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையுமே பதிந்துவிடுகிறார்கள். பிறகு வரும் அறிவித்தல்களெல்லாம் அவர்களிடம் போய்ச்சேர, "செய்தி வந்திருக்கிறது, பணத்தோடு வாருங்கள்" என்று பெற்றோரை அழைக்கிறார்கள். கடிதத்தை நம்பலாமென்றால், தோட்ட முகவரிக்கு வருவது தோட்ட அலுவலகத்தில் கிடந்து, பதிவுத் திகதி கடந்த பின் லயனுக்கு வருவதும் உண்டு. தேயிலை நிறுவையில் ஒரு கிலோ பிசகினால் அன்றே பிடிக்கிற நிர்வாகத்துக்கு ஒரு பிள்ளையின் கடிதத்தை அன்றே கொடுக்க ஏன் முடியவில்லையென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆகவே, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மகளுடையனவாகவே இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் கேட்கும் விருப்ப வரிசையை மட்டும் பொறுமையாக எழுதச் சொல்லுங்கள். மேலே எழுதிய ஒன்று கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை கவனிக்கப்பட மாட்டா; எனவே "கிடைக்கக்கூடியதை முதலில் போடு" என்ற அறிவுரை தவறானது, உண்மையில் விரும்புவதே முதலில் வர வேண்டும். பொதுவாகப் பேராதனை என்று சொல்லிவிடலாம் என்றாலும், இங்கே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மகளின் நாட்டம் சைவத்திலும் இந்து நாகரிகத்திலுமே நின்றால், அதுவும் தமிழ்மொழி மூலமே கற்க வேண்டுமென்றால், இந்து நாகரிகம், சைவசித்தாந்தம், சமஸ்கிருதம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகளோடு இந்து கற்கைகள் பீடத்தையே வைத்திருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் முதலிடம் பெறட்டும். கிரேக்கம், உரோமம் என்று அவர் மனம் போகுமானால், செம்மொழிகள் துறையுள்ள பேராதனைதான். இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறாரென்றால், வீட்டுக்கு எது அருகில் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த மொழியில் வாசிக்கப்போகிறார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

இலத்தீனுக்காகக் கவலை வேண்டாம். நம் பாடசாலைகளில் இல்லாத மொழி என்பதால் எல்லோருமே அதை எழுத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். ஆங்கிலம் அப்படியல்ல. பண்டைய உலகைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதால், அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் நாளுக்குச் சில பக்கங்களாவது அகராதியோடு வாசிக்கட்டும். பேராதனைக்கு அருகே, 1344இல் கணேஸ்வராசாரி என்ற சிற்பாசாரியின் தலைமையில் தென்னிந்தியப் பாணியில் கட்டப்பட்ட கடலாதெனிய பௌத்த விகாரையையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். பௌத்தமும் தென்னிந்தியக் கலையும் ஒரே கல்லில் கலந்திருப்பதை விளக்க முயல்வதே இந்தப் படிப்பின் பெரும்பகுதி.

செலவைப் பொறுத்தவரை, அரச பல்கலைக்கழகத்தின் உள்வாரிப் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. தெரிவான பின் மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியைப் பற்றிக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் நேரிலேயே விசாரிக்கலாம், அதற்கும் தரகர் தேவையில்லை.