துளை ஆபரேஷன்: தோள்வலியும் பிற சந்தேகங்களும்

வாசகர் கேள்வி – பதில்

என் அக்காவுக்குப் பித்தப்பைக் கல்லுக்காக லேப்பராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்தார்கள். வயிற்றில் வலி அவ்வளவாக இல்லை. வலது தோள்தான் விண்விண்ணென்று தெறிக்கிறது என்கிறாள். இதயக் கோளாறாக இருக்குமா?
– வாசகி, கும்பகோணம்

பெரும்பாலும் அது வாயுவின் வேலை. வீட்டில் பெரியவர்கள் சொல்லும் வாயுப்பிடிப்பு இல்லை; ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு. கேமராவும் கருவிகளும் புழங்க இடம் வேண்டும் என்பதால், வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தூக்கி நிறுத்துகிறார்கள். அப்போது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் இழுபடுகிறது. மிச்சமிருக்கும் வாயுவும் அதன் அடியில் போய்த் தங்கி உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் பகுதிகளிலிருந்து கிளம்புகிறது. தோள்பட்டைத் தோலின் உணர்வும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் போய்ச் சேருகிறது. உள்ளே உறுத்துவதைத் தோளில் வலிப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது.

சாதாரணக் காற்றை அடைத்தால் அது எளிதில் கரையாது; தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். மின்கருவியால் சுடும்போது தீப்பற்றாது. வலி இரண்டு மூன்று நாளில் அடங்கும். எழுந்து நடக்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிவில் மயக்க டாக்டர் நுரையீரலை நன்றாக விரித்து, வாயுவைத் துளை வழியாக வெளியேற்றினால் இந்த வலி குறையும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அழுத்தத்தை 8–10 அளவில் வைத்தாலும் குறையும். ஆனால் உள்ளே இடம் சுருங்கும் என்பதால் எல்லோருக்கும் அது ஒத்துவராது.

மூச்சுத்திணறல், வியர்வை, நெஞ்சை அழுத்தும் வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் வாயு என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பித்தப்பை சீழ்பிடித்து வீங்கியிருக்கிறது என்று என் மனைவியை அட்மிட் செய்தோம். ஒரு டாக்டர் நாளைக்கே எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மருந்தில் அடக்கிவிட்டு ஆறு வாரம் கழித்து என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், நாமக்கல்

மயக்க மருந்தைத் தாங்கும் உடல்நிலை இருந்தால் முதலாமவர் சொல்வதை. ‘வீக்கம் வடிந்தபின் கத்தி வை’ என்பது பழைய பாடம். ஜெர்மனி தலைமையில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் 618 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன். மறு பிரிவினருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து 7 முதல் 45 நாள் கழித்து. 75 நாள் முடிவில் சிக்கல் வந்தவர்கள் முதல் பிரிவில் 11.8 சதவீதம், இரண்டாம் பிரிவில் 34.4 சதவீதம். ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள் சராசரி 5.4, 10.

காரணம் சதையில் இருக்கிறது. முதல் சில நாட்களில் வீக்கம் நீர்கோத்த வீக்கம். அடுக்குகள் தாமாகவே பிரிந்து கொடுக்கும். நாளாக ஆக அது தழும்பாகி இறுகுகிறது. காத்திருக்கும் வாரங்களில் மறுபடி வலி வரலாம், கல் நழுவிக் கணையத்தைக் கெடுக்கலாம்.

கண் மஞ்சளாகி, பித்தக்குழாயிலும் கல் இருப்பது தெரிந்தால் கணக்கு மாறும். பெரும்பாலும் முதலில் வாய் வழியே எண்டோஸ்கோப்பி விட்டு அந்தக் கல்லை எடுப்பார்கள். பித்தப்பை அதன் பிறகு.

சம்மதப் படிவத்தில் ‘தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யப்படும்’ என்று கையெழுத்து வாங்குகிறார்கள். கைதேர்ந்தவராக இருந்தால் அது எதற்கு?
– வாசகர், திண்டுக்கல்

கைதேர்ந்தவர்தான் அதை எழுதுவார். எழுதாதவரிடம் யோசித்துப் போங்கள்.

லேப்பராஸ்கோப்பியில் பித்தப்பையை முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் எரிக் மூஹே, 1985. இந்தியாவில் 1990-இல் மும்பையில் டாக்டர் உத்வாடியா செய்தார். வலி குறைவு, மறுநாளே வீடு என்பதால் முறை காட்டுத்தீயாய்ப் பரவியது. கூடவே ஒரு சிக்கலும் பரவியது: கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தைத் தவறாக வெட்டிவிடுவது. திறந்த முறையில் அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு. லேப்பராஸ்கோப்பியில் மூன்றிலிருந்து ஐந்து பேர் வரை என்று கணக்குகள் வந்தன.

கை நடுங்கியதால் நடப்பதில்லை இது. 252 நாளக் காயங்களை அலசி 2003-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அவற்றில் 97 சதவீதத்துக்குக் கண்ணின் மயக்கமே காரணம் என்றது. பித்தப்பையின் கழுத்தை நேர் மேலே இழுத்தால், அதன் சிறு குழாயும் பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் வந்து ஒரே குழாய்போலத் தெரியும். ‘இதுதான் பித்தப்பைக் குழாய்’ என்று மனம் ஒருமுறை முடிவு கட்டிவிட்டால், பிறகு பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே படும்.

இதற்காக ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 1995-இல் ஒரு வரையறை வகுத்தார். வெட்டப்போகும் குழாயை அடைக்கக் கிளிப் போடும் முன் மூன்று விஷயம் கண்ணில் பட வேண்டும். கல்லீரலுக்கும் குழாய்களுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் முழுக்க நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுகையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் நுழைபவை இரண்டே இரண்டு: ஒரு குழாய், ஒரு ரத்தநாளம். மூன்றாவதாக ஏதாவது தெரிந்தால் கத்தரி நகரக்கூடாது. இந்தக் காட்சி கிடைக்க, உதவியாளர் பித்தப்பையின் உச்சியை நோயாளியின் வலது தோளை நோக்கித் தள்ளிப் பிடிக்க, சர்ஜன் கழுத்துப் பகுதியை வலது பக்கவாட்டில் கீழாக இழுக்க வேண்டும். முக்கோணம் விரிவது அந்த இழுப்பில்தான். கிளிப் உடலில் தங்கும் பக்கம் இரண்டு, வெளியே வரும் பக்கம் ஒன்று, நடுவில் வெட்டு.

இந்தக் காட்சி கிடைக்கவே கிடைக்காத பித்தப்பைகளும் உண்டு. அப்போது பையைத் திறந்து கல்லை எல்லாம் எடுத்துவிட்டு, நாளத்தை ஒட்டிய அடிப்பகுதியைத் தொடாமல் விட்டு, டிரெயின் குழாய் வைத்து முடிக்கலாம். அல்லது வயிற்றைத் திறக்கலாம். இரண்டுமே தோல்வி இல்லை. ‘முழுசா எடுத்தே தீருவேன்’ என்ற பிடிவாதத்தில்தான் நாளம் போகிறது.

வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரே அளவுகோல்: ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடத் தேற வேண்டும். மாறாக வயிறு உப்புவது, காய்ச்சல், கண் மஞ்சளாவது, வலி ஏறுவது என்றால் அன்றே ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தேவை. நாளக் காயம் என்று உறுதியானால், அதைச் சரிசெய்து பழகிய கல்லீரல்–பித்தநாள மையத்துக்குப் போவதே நல்லது. முதல் ரிப்பேர் சரியாக அமைவதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

துளைகள் எல்லாம் ஆறி ஒரு மாதம் ஆனபின் தொப்புள் தழும்பில் கட்டி வந்து நீராய் வடிகிறது. மூன்று விதமான ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் ஆறவில்லை. காய்ச்சல் இல்லை. டி.பி. மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார்கள்.
– வாசகி, விழுப்புரம்

நில்லுங்கள். ஆறிய தழும்பு மூன்று நான்கு வாரம் கழித்து உடைந்து, சாதாரண மருந்துக்கு மசியாமல் வடிந்தால், காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்களைச் சந்தேகிக்க வேண்டும்: மைக்கோபாக்டீரியம் ஃபோர்ட்யூட்டம், கெலோனே. குடும்பம் ஒன்றுதான், வழக்கமான டி.பி. மாத்திரைக்கு இவை கட்டுப்படுவதில்லை. சாதாரண சீழ்ப் பரிசோதனையில் ‘கிருமி இல்லை’ என்றே வரும். புண்ணிலிருந்து சிறு துண்டு சதை எடுத்து, ஏ.எஃப்.பி. சாயப் பரிசோதனையும் (காசநோய்க் குடும்பக் கிருமிகளைக் காட்டுவது) மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். பிறகு கிளாரித்ரோமைசினோடு அமிக்காசின் போன்ற இன்னொரு மருந்தும் சேர்த்து, கல்ச்சர் முடிவுப்படி மாதக்கணக்கில் தர வேண்டியிருக்கும். சில சமயம் புண்பாதையையே வெட்டி எடுப்பார்கள்.

வந்த வழி பெரும்பாலும் கருவி. லேப்பராஸ்கோப்பிக் கருவி நீண்ட ஒல்லிக் குழாய், நுனியில் கீல். கீலின் இடுக்கில் ரத்தத் துணுக்கு நின்றுவிட்டால் எந்த மருந்தும் உள்ளே போகாது. பல இடங்களில் அடுத்தடுத்த கேஸ்களுக்கு நடுவே 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் 20 நிமிடம் ஊறவைத்து எடுக்கிறார்கள். அது கிருமிநீக்கத்தின் மேல்மட்டம்தான், முழு ஸ்டெரிலைசேஷன் ஆகாது. அதற்கு அதே திரவத்தில் 10 மணி நேரம் வேண்டும். போதாக்குறைக்குக் குழாய்த் தண்ணீரில் அலசினால், தண்ணீரிலேயே குடியிருக்கும் இந்தக் கிருமி மறுபடி ஏறிக்கொள்ளும். கருவியைக் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, என்சைம் திரவத்தில் கழுவி, காயவைத்து, உயர் அழுத்த நீராவியில் ஆட்டோகிளேவ் செய்வதே சரி. வெப்பம் தாங்காதவற்றுக்கு எத்திலீன் ஆக்சைடு வாயு அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா முறை இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன் ‘எத்தனை துளை?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். ‘கருவியை எப்படி ஸ்டெரிலைஸ் செய்கிறீர்கள்?’ என்றும் கேட்கலாம்.

ஒரே துளை, ரோபோ என்றெல்லாம் விளம்பரம் பார்க்கிறேன். கூடுதல் பணத்துக்குப் பலன் உண்டா?
– வாசகர், மதுரை

ஒரே துளையில் தழும்பு தொப்புளுக்குள் மறையும். ஆனால் அந்தத் துளை பெரிது. நான்கு துளை முறையோடு ஒப்பிட்டு 2013-இல் வந்த ஆய்வில், ஓராண்டில் தழும்பு வழியே ஹெர்னியா (குடலிறக்கம்) வந்தவர்கள் 8.4 சதவீதம், நான்கு துளையில் 1.2. ரோபோவில் கருவியின் நுனி மணிக்கட்டுபோல் வளையும், குறுகிய இடுப்புக்குழியில் அது வசதி. மலக்குடல் புற்றுநோயில் 471 பேரிடம் சோதித்தபோது, திறந்த முறைக்கு மாற நேர்ந்தது ரோபோவில் 8.1 சதவீதம், சாதாரண லேப்பராஸ்கோப்பியில் 12.2, புள்ளியியல்படி அதை வித்தியாசம் என்று கொள்ள முடியவில்லை. பித்தப்பைக்கு ரோபோ வேண்டுமா என்றால், எங்கள் பதில் வேண்டாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ஆரம்ப நிலை. அம்மாவுக்குத் துளை வழியாகவே செய்துவிடலாமா?
– வாசகி, ஈரோடு

கர்ப்பப்பையோடு சுற்றுத்திசுக்களையும் அகற்றும் பெரிய ஆபரேஷன் என்றால், திறந்த முறையையே கேளுங்கள். 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 631 பெண்களை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், துளை முறையிலும் ரோபோவிலும் சேர்த்து 86. உயிரிழப்பும் துளை முறையில்தான் அதிகம். பெருங்குடல் புற்றுநோயில் இப்படி வித்தியாசம் வரவில்லை. 2004-இல் 872 பேரிடம் நடந்த ஆய்வில் இரண்டு முறையிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நோய் திரும்பியது. ஒரு உறுப்புக்குக் கிடைத்த முடிவை இன்னொன்றுக்கு ஒட்டவைக்க முடியாது. அம்மாவின் கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதை எம்.ஆர்.ஐ. அறிக்கையில் பார்த்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு புற்றுநோய் அறுவை நிபுணரிடம் பேசுங்கள்.