பைத்தான் நிரல்மொழியில் லிஸ்டுக்குள் (மதிப்புகளின் பட்டியலுக்குள்) லிஸ்டாக வரிசைகளை வைத்து, ஒரு வரிசையில் மாற்றினால் எல்லா வரிசைகளும் மாறுகின்றனவே, ஏன்?

நான்கு 0 கொண்ட ஒரு வரிசையைப் பத்தால் பெருக்கி, நீங்கள் [[0] * 4] * 10 என்ற வடிவில்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த ஒரு வரியால் நான் இரண்டு இரவுகள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கேள்வியைக் கடந்துபோக மனம் வரவில்லை.

ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்த புதிதில், ஆம்னி பஸ் இருக்கை முன்பதிவு நிரலின் ஒரு பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். 10 வரிசை, வரிசைக்கு 4 இருக்கை. காலி என்றால் 0, பதிவாகிவிட்டால் 1. மூன்றாம் வரிசையின் இடது ஜன்னலோர இருக்கையைப் பதிவு செய்து பார்த்தேன். பஸ்ஸின் இடது ஜன்னலோரம் முழுவதும் நிரம்பிவிட்டது! திரையில் வரையும் பகுதியில்தான் தவறு என்று எண்ணி, அதை இரண்டு முறை முழுவதுமாகத் திருப்பி எழுதினேன். இரண்டாம் நாள் இரவு, ஒவ்வொரு வரிசையையும், ஒரு பொருளின் அடையாள எண்ணைத் தரும் ஐடி (id) செயற்கூறுக்குக் கொடுத்து அச்சிட்டேன். பத்து முறையும் ஒரே எண். என்னிடம் இருந்தது ஒரே ஒரு வரிசை. அதன் விலாசத்தைப் பத்துச் சீட்டுகளில் எழுதி வைத்திருந்தேன்.

லிஸ்டைப் பெருக்கும்போது பைத்தான் உள்ளே இருப்பதை நகலெடுப்பதில்லை. அதைச் சுட்டும் குறிப்பையே திரும்பத் திரும்ப வைக்கிறது. அப்படியானால் உள்ளே உள்ள [0] * 4 மட்டும் ஏன் தொல்லை தரவில்லை என்று கேட்பீர்கள். அங்கும் நான்கு இடங்களும் ஒரே 0-ஐத்தான் சுட்டுகின்றன. ஆனால் எண் மாறாதது. நீங்கள் 1 என்று எழுதும்போது அந்த ஓர் இடம் வேறு எண்ணைச் சுட்டத் தொடங்குகிறது. மற்ற மூன்றும் பழையபடி நிற்கின்றன. லிஸ்டோ இருந்த இடத்திலேயே மாறக்கூடியது.

ஒவ்வொரு சுற்றிலும் [0] * 4 புதிதாக உருவாகும்படி ஃபார் சுழற்சியிலோ லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனிலோ (சுழற்சியை லிஸ்டுக்குள்ளேயே எழுதும் முறை) எழுதுங்கள். சுழற்சிக்கு வெளியே ஒரு வரிசையை உருவாக்கி, உள்ளே அதையே பத்து முறை அப்பெண்ட் செய்தால் (லிஸ்டின் கடைசியில் சேர்த்தால்) மறுபடியும் அதே கதைதான்.

"பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே இது இருக்கிறதே, படிக்கக் கூடாதா?" என்று சிலர் வருவார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. தன் தவறுக்கு என்ன பெயர் என்றே தெரியாதவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்?

மறுநாள் காலை நான் காரணத்தை விளக்கியபோது, அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "நீ தமிழ் மீடியமா?" ஆமாம், பிளஸ் டூ வரை தமிழில்தான் படித்தேன். அதற்கும் லிஸ்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆங்கில வழியில் படித்துவிட்டு இதே வரியை எழுதிய இரண்டு பேருக்குப் பின்னாளில் நானே திருத்திக் கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் எந்தப் பள்ளி என்று ஒருவரும் கேட்கவில்லை. வருடங்கள் பல ஆகியும் அந்தக் கேள்வி எனக்கு ஆறவில்லை.

உங்கள் நிரலில் முதல் இரண்டு வரிசைகளை, இரண்டும் ஒரே பொருள்தானா என்று சொல்லும் 'இஸ்' (is) கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ட்ரூ என்று வந்தால் காரணம் இதுதான். ஃபால்ஸ் என்று வந்தால், வரிசைகளை உருவாக்கும் வரியை அப்படியே கீழே பதியுங்கள், பார்க்கிறேன்.