மாடி வீட்டு மின்சாரமும் 501-ஆவது யூனிட்டும்

கேள்வி: பாளையங்கோட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கீழே நானும் என் கணவரும். மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்புதான். மாடிக்குச் சப் மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் பணம் வாங்குகிறோம். சித்திரை, வைகாசியில் 620 யூனிட் ஓடி 3,069 ரூபாய் பில் வந்தது. அதில் மாடிக்கு 240 யூனிட். மழைக்காலத்தில் மொத்தம் 420 யூனிட் அளவில் நிற்கும். இங்கிலாந்தில் இருக்கும் மகன், அங்கே கட்டணங்களை ஒப்பிட்டுப் பார்த்து மின்சாரக் கம்பெனியையே மாற்றிக்கொள்வதாகச் சொல்கிறான். நம் ஊரிலும் அப்படி மாற வழி உண்டா? சோலார் போடச் சொல்லி ஒருவர் வந்து போகிறார், அதில் இறங்கலாமா?

பதில்: கம்பெனியை மாற்றிக்கொள்ள வழி இல்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின்சாரம் விநியோகிப்பது, நாம் இன்றும் பழக்கத்தில் மின்வாரியம் என்றே அழைக்கும் மின் பகிர்மானக் கழகம் ஒன்றுதான். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வெளியாரிடம் மின்சாரம் வாங்கிக்கொள்ள இடம் தருகிறது என்றாலும், அது 1 மெகாவாட்டுக்கு மேல் தேவைப்படும் ஆலைகளுக்கும், 2022-இல் வந்த விதிகளின்படி காற்றாலை, சூரிய மின்சாரம் போன்றவற்றை வாங்குவதானால் 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் தேவைப்படுவோருக்கும் உரியது. சில கிலோவாட்டில் அடங்கிவிடும் வீட்டு இணைப்பு அந்தக் கணக்கில் வராது. மும்பையின் சில பகுதிகளில் மட்டும் டாடா, அதானி ஆகிய இரு நிறுவனங்களுக்கிடையே வீட்டுக்காரர்கள் மாறிக்கொள்ள முடிகிறது. ராதாபுரம் தாலுகாவிலேயே கூடங்குளம் இருக்கிறதே, நமக்கு மட்டும் மலிவாகக் கிடைக்காதா என்று கேட்பவர்களும் நம் பக்கத்தில் உண்டு. அங்கே உற்பத்தியாவது முழுவதும் பொதுவான மின்தொகுப்பில் கலந்து பல மாநிலங்களுக்குப் பங்கிடப்படுவதால், உலைக்குப் பக்கத்தில் இருப்பது பில்லில் எந்தச் சலுகையும் தராது.

ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது உங்கள் வீட்டுப் பில்லையே, அதுவும் 500 யூனிட்டுக்கு உள்ளே நின்ற பில்லையும் அதைத் தாண்டிய பில்லையும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால், 2024 ஜூலை முதல் வீடுகள் செலுத்திவரும் விலைப்படி, முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பட்டியலே வேறாகிவிடுகிறது: இலவச 100 அப்படியே இருக்க, 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை அதே 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45. சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு என்றாகிறது.

இரண்டு குடும்பத்தின் பயன்பாடும் ஒரே மீட்டரில் ஓடுவதால்தான் நீங்கள் கோடையில் அந்த எல்லையைத் தாண்டுகிறீர்கள். மாடி தனி வாசல், தனிச் சமையலறை உள்ள தனிக் குடியிருப்பாக இருந்தால், அதற்குத் தனி மின் இணைப்பு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது இரண்டு இணைப்புக்கும் இலவச 100 யூனிட்டும் 2.35 ரூபாய் விலையும் தனித்தனியே கிடைக்கும். அதே 620 யூனிட், கீழே 380, மாடியில் 240 என்று பிரிந்தால், கீழே 1,081 ரூபாய், மாடியில் 423 ரூபாய், ஆக மொத்தம் 1,504. பாதிக்கும் குறைவு. மழைக்காலத்து 420 யூனிட்டை 250, 170 என்று வைத்துக்கொண்டால், 1,301 ரூபாய் என்பது 634 ரூபாய் 50 காசாகும். கோடை மூன்று பில், மற்றவை மூன்று பில் என்று தோராயமாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,700 ரூபாய் மிச்சம்.

அந்த மிச்சம் யார் கைக்குப் போகிறது என்பது, மாடிக்காரரிடம் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பல வீடுகளில் நடப்பதைப் போல 8 ரூபாய் வாங்கினால், கோடைப் பில்லில் 1,920 ரூபாயை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் பங்கு 1,149. இணைப்பைப் பிரித்த பின் அது 1,081-ஆகும். உங்களுக்கு 68 ரூபாய்தான் லாபம், மாடிக்காரருக்கு ஏறக்குறைய 1,500 ரூபாய். நீங்கள் 5 ரூபாய்தான் வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் பங்கு 1,869-இலிருந்து 1,081-க்கு இறங்கும். 8 ரூபாய் வாங்குபவர்கள் பிரிக்கத் தயங்குவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்; ஆனால் அரசு அந்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். புதிய இணைப்புக்கான வைப்புத்தொகையையும் வயரிங் செலவையும் யார் ஏற்பது என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே குடும்பம் இருக்கும் வீட்டை இலவச யூனிட்டுக்காகக் காகிதத்தில் மட்டும் இரண்டாகக் காட்டி இணைப்பு வாங்கினால், ஆய்வில் தெரியவரும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். உங்கள் மாடியில் உண்மையாகவே வேறு குடும்பம் குடியிருப்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நாளை மாடியையும் நீங்களே புழங்கத் தொடங்கினால் நிலைமை வேறு.

சோலார் விஷயத்துக்கு வருகிறேன். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும் என்று கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இறங்கும். மானியம் போக 40,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறேன். இன்று இருக்கும் ஒரே இணைப்பில் 1 கிலோவாட் போட்டால் கோடைப் பில்லில் 1,988 ரூபாயும் மற்றப் பில்லில் 1,113 ரூபாயும் குறைந்து, நாலரை ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். விற்க வருபவர் காட்டும் கணக்கு இதுவாகத்தான் இருக்கும், அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இணைப்பைப் பிரித்த பிறகு அதே தகடுகளைக் கீழ் வீட்டுக்குப் போட்டால், மிச்சமாவது கோடையில் 987 ரூபாய், மற்றப் பில்லில் அதிகம் போனால் 470 ரூபாய். பணம் திரும்ப ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும். தகடு தயாரிக்கும் மின்சாரம் ஒன்றுதான் என்றாலும், அது எந்த விலை யூனிட்டை வெட்டுகிறது என்பது மாறிவிட்டது. அதனால் முதலில் பிரியுங்கள். ஓர் ஆண்டு பில்லைப் பார்த்த பிறகு சோலாரைப் பற்றி முடிவு செய்யுங்கள். 3 கிலோவாட் போட்டால் மானியம் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக இருவர் வசிக்கும் வீட்டுக்கு அதைப் போட வேண்டாம். பில் பூஜ்யத்தை எட்டிய பிறகு உற்பத்தியாகும் யூனிட்டுக்கு, நீங்கள் வாங்கும்போது கொடுக்கும் விலை திரும்பக் கிடைக்காது.

சோலாருக்கு முன் ஃபேனைக் கவனிக்கலாம். பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும்; பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட் அளவில் நிற்கும். நாளுக்கு 14 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 38 யூனிட் குறையும். ஏ.சி.யை 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாக ஓடவிடுவது, 20 டிகிரியில் வைத்துப் போர்த்திக்கொண்டு படுப்பதைவிட நல்லது. நள்ளிரவில் மோட்டார் போட்டால் பில் குறையும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். வீட்டுக் கட்டணத்தில் எந்த நேரத்து யூனிட்டுக்கும் ஒரே விலைதான்.

ரீடிங் எடுத்த தேதியையும் அளவையும் ஒவ்வொரு முறையும் மின் அட்டையில் எழுதி வாங்குங்கள். ரீடிங் எடுப்பவர் பத்து நாள் பிந்தி வந்தால், உங்கள் தவறு எதுவும் இல்லாமலேயே கோடையில் எல்லையைத் தாண்டும் நிலை வரலாம். 55-ஆம் நாளில் நீங்களே மீட்டரைப் பார்த்து வைத்திருந்தால் அலுவலகத்தில் எடுத்துக் காட்டிப் பேச முடியும்.

மாடி இணைப்புக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். சொத்து வரி ரசீது, வீட்டுப் பத்திரத்தின் நகல், ஆதார், இப்போதைய இணைப்பின் எண், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, தனி வாசலும் சமையலறையும் இருப்பதைப் பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளர் வந்து பார்க்கும்போது காட்டுங்கள். மாசியிலேயே விண்ணப்பித்தால், சித்திரை வெயில் தொடங்குமுன் புதிய மீட்டர் ஓடத் தொடங்கிவிட வாய்ப்பு உண்டு.