கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் ஓடி ஆடும் அணி மேலா, எறிந்து ஆடும் அணி மேலா?

"பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியே ஆடும் கல்லூரி அணிகள் பழைய காலத்து ஆட்கள்தானே? இப்போது எறிந்து ஆடுகிறவர்கள்தானே ஜெயிக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகுக்கு இது ஓரளவு சரி. கல்லூரி ஆட்டத்தில் நான் ஓடும் அணிகளின் பக்கம்தான்.

விதி சுருக்கமாக: நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. ஓடினால் மூன்று, நான்கு யார்டாகச் சேரும். எறிந்தால் ஒரேயடியாக 30 கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமல் போகலாம், எதிரணிக்காரர் பிடித்துக்கொண்டு ஓடவும் கூடும்.

என்.எஃப்.எல்லில் தோற்ற அணிக்குத்தான் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு. அதனால் அணிகளின் பலத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. கல்லூரியில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. அலபாமாவுக்கும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் நாட்டின் சிறந்த பையன்கள் போவார்கள். வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் ஆர்மி அணிக்கு, படிப்பு முடிந்ததும் ராணுவ அதிகாரியாகப் பணியாற்றச் சம்மதிப்பவர்கள் மட்டுமே வருவார்கள். முன்வரிசையில் நின்று மோதித் தடுக்கும் 140 கிலோ லைன்மேன்கள் அங்கே கிடைப்பது கஷ்டம்.

அந்த ஆர்மி 2018 செப்டம்பரில் ஓக்லஹோமாவுக்குப் போய் ஆடியது. எதிரில் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறிவதா, ஓடக் கொடுப்பதா என்று ஆட்டத்தை நடத்துபவர்) கைலர் மரே; அந்த வருஷம் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கியவர். 60 நிமிட ஆட்டத்தில் ஏறக்குறைய 45 நிமிடம் பந்தை ஆர்மி தன் கையிலேயே வைத்திருந்தது. மரே பெரும்பாலும் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூடுதல் நேரம் வரை போய்த்தான் ஓக்லஹோமாவால் 28-21 என்று ஜெயிக்க முடிந்தது.

இது எப்படி நடக்கிறது? எறிந்த பந்து கீழே விழுந்தால் கடிகாரம் நிற்கும். ஓடியவர் மைதானத்துக்குள் விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டு அணிக்கும் பந்து கிடைக்கும் தடவைகள் குறைந்துவிடும். மழையால் 20 ஓவர் மேட்ச் 8 ஓவராகச் சுருங்கினால் சின்ன டீமுக்கு வாய்ப்பு கூடுமே, அதே கணக்கு.

அப்புறம் ட்ரிபிள் ஆப்ஷன். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். எதிரணியின் முன்வரிசையில் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். குவார்ட்டர்பேக் அவரையே பார்ப்பார். அவர் உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார்; அவர் வெளியே நின்றால் நடுவில் ஓடும் ஃபுல்பேக்கிடம் கொடுப்பார். வெளியே போகும்போது இன்னொருவர் எதிரே வந்தால், பக்கத்தில் ஓடிவரும் மூன்றாமவருக்குத் தள்ளிவிடுவார். எதிரணியில் யாரை உங்களால் தடுக்க முடியாதோ அவரைத் தடுக்கவே தேவையில்லை, அவர் எடுக்கும் எந்த முடிவும் தவறாகிவிடும். பலம் குறைந்தவர்களுக்காக இவ்வளவு அழகாக யோசித்த உத்தியை வேறு எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. எதிரணிக்கு இதைப் பழகிக்கொள்ளக் கிடைப்பதும் பெரும்பாலும் ஒரே வாரம்.

நியாயமாகப் பார்த்தால், மறுகோடியில் இருக்கும், எறிவதையே நம்பும் ஏர் ரெய்டு ஆட்டமும் எளியவர்களின் ஆயுதம்தான். டெக்சஸ் டெக் என்ற கல்லூரியில் பயிற்சியாளர் மைக் லீச் கொஞ்சம் உத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றையே திரும்பத் திரும்பப் பழக்கி, பந்தை எறிந்துகொண்டே இருந்தார். 2008 நவம்பர் 1 அன்று, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த டெக்சஸ் பல்கலைக்கழக அணியை, ஒரு விநாடி மிச்சமிருக்கும்போது அவர்களின் வீரர் கிராப்ட்ரீ பிடித்த பந்தால் 39-33 என்று வீழ்த்தினார்கள். அந்த ஆட்டத்தை ரசிக்காதவர் யாரும் இருக்க முடியாது.

சரி, ஓடுவது பலவீனர்களின் வழி மட்டும்தானா என்றால், அதுவும் கிடையாது. 1996 ஜனவரியில், தேசியப் பட்டத்துக்கான ஃபியெஸ்டா போல் ஆட்டத்தில், எறிந்து ஆடுவதில் பேர்போன ஃப்ளோரிடாவை நெப்ராஸ்கா 62-24 என்று நொறுக்கியது. ஓடியே எடுத்தது 524 யார்டு. ஃப்ளோரிடாவின் ஓட்டக் கணக்கு மைனஸ் 28. (எறிய நிற்கும் குவார்ட்டர்பேக்கைப் பின்னாலேயே பிடித்து வீழ்த்தினால் அந்த இழப்பை, கல்லூரிக் கணக்கில், ஓட்டத்தில்தான் கழிப்பார்கள்.)

"அது அந்தக் காலம்" என்பீர்கள். 2023-இல் மிஷிகன், பென் ஸ்டேட்டுக்கு எதிராகத் தொடர்ந்து 32 முறை ஓடியே ஆடி 24-15 என்று ஜெயித்தது. இரண்டாம் பாதியில் கணக்கில் ஏறிய பாஸ் ஒன்றுகூட இல்லை. அந்த சீசனின் இறுதிப் போட்டியில், நாட்டிலேயே அதிக யார்டு எறிந்திருந்த மைக்கேல் பெனிக்ஸின் வாஷிங்டனை 34-13 என்று தோற்கடித்தபோது, மிஷிகன் ஓடி எடுத்தது 303 யார்டு.

எதிர்வாதமும் வலுவானது. 2019-இல் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 60 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) பாஸ் எறிந்து, அவருடைய லூசியானா ஸ்டேட் அணி (எல்.எஸ்.யூ.) 15 ஆட்டத்திலும் ஜெயித்தது. அப்படி ஒரு குவார்ட்டர்பேக்கும் எறிந்த பந்தைப் பிடிக்க அப்படிப்பட்ட ரிசீவர்களும் கிடைத்தால் எறிவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் எத்தனை கல்லூரிக்குக் கிடைப்பார்கள்? ஓடும் அணியின் உண்மையான பலவீனம் வேறு: இரண்டு டச் டவுன் பின்தங்கிவிட்டால் கடிகாரமே அவர்களுக்கு எதிரியாகிவிடும்.

2022-இல், முன்வரிசையின் நடுப்பகுதிக்கு வெளியே இடுப்புக்குக் கீழே மோதித் தடுப்பதற்கு விதியில் தடை வந்தது. காயங்களைக் குறைக்க எடுத்த முடிவு, அதில் எனக்குக் குறை இல்லை. ட்ரிபிள் ஆப்ஷன் அணிகளுக்கு அது பெரிய அடி. அத்தோடு கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். 2024-இல் ஆர்மி 12 ஆட்டம் ஜெயித்தது. அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி தானே ஓடி 32 டச் டவுன் எடுத்தார். இறுதியில் டுலேனை 35-14 என்று வென்று, தங்கள் முதல் கான்ஃபரன்ஸ் (சில கல்லூரிகள் சேர்ந்த லீக்) பட்டத்தையும் வாங்கினார்கள்.