விக்டோரியா காலத்து ராணுவ அதிகாரியோட போர்ப் பதக்கத்த பாத்தே அவர் என்ன செஞ்சாருன்னு சொல்ல முடியுமா?

பதக்கத்தோட முகத்த பாத்து சொல்ல முடியாதுங்க. ஓரத்த பாத்தா கொஞ்சம் சொல்லலாம், மிச்சத்துக்கு அந்தக் காலத்து மெடல் ரோல் (யார் யாருக்கு பதக்கம் குடுத்தாங்கங்கிற பட்டியல்), சர்வீஸ் ரெக்கார்டு (ராணுவத்துல அவர் வேலை பாத்த பதிவு)ன்னு தேடித்தான் போகணும். பழைய பதக்கங்கள பத்தி பல வருஷமா ஆசையா படிச்சிட்டு வர்றேன், இந்தக் கேள்விய பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஜான் சார்ட்ங்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிதான்.

1847ல இங்கிலாந்துல பிளிமத் பக்கத்துல பொறந்தவரு. வூல்விச் ராணுவப் பள்ளில படிச்சு 1868ல ராயல் இன்ஜினியர்ஸ்ங்கிற ராணுவப் பொறியாளர் படைல லெப்டினன்ட் ஆனாரு. அப்புறம் பெர்முடா, மால்டான்னு கோட்டை வேலை. பத்து வருஷத்துக்கு மேல ஒரு சண்டையும் பாக்கல, அதே லெப்டினன்டாவே இருந்தாரு. 1879 ஜனவரி ஆரம்பத்துல தென்னாப்பிரிக்காவுல வந்து எறங்குனப்போ அவருக்கு குடுத்த வேலை, பஃபலோ ஆத்துல ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்ங்கிற எடத்துல ஆள் கடக்குற மிதவைகள ரிப்பேர் பண்றது.

ஜனவரி 22 அன்னிக்கு கொஞ்ச தூரத்துல இசாண்டில்வானாவுல அந்தப் பகுதி ஜூலு மக்களோட படை பிரிட்டிஷ் முகாமையே அழிச்சிருச்சு, 1,300 பேருக்கு மேல செத்தாங்க. ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்ல பொறுப்புல இருந்த மேஜர் வேற எடத்துக்கு கெளம்பி போயிருந்தாரு, மிச்சமிருந்த இன்னொரு லெப்டினன்ட் ப்ரோம்ஹெட்ட விட சார்ட் மூணு வருஷம் முன்னாடியே லெப்டினன்ட் ஆனவரு, அந்த ஒரே காரணத்தால தலைமை இவர் கைக்கு வந்துச்சு. சுமார் 150 பேரு, அதுல ஆஸ்பத்திரில படுத்திருந்த நோயாளிகளும் உண்டு, எதிர்ல மூணாயிரம் நாலாயிரம் ஜூலு வீரர்கள். சோள மூட்டையையும் பிஸ்கட் பெட்டியையும் அடுக்கி சுவர் கட்டி விடிய விடிய தாக்குப் பிடிச்சாங்க. 17 பேரு செத்தாங்க, ஜூலு பக்கம் 350க்கு மேல. விடிஞ்சப்புறம் காயம்பட்டு கெடந்த ஜூலு வீரர்களையும் கொன்னாங்க, இத சொல்லாம அந்த ராத்திரிய மட்டும் புகழ எனக்கு மனசு வரல, தன் நாட்டுக்குள்ள பிரிட்டிஷ் படை நுழைஞ்சதாலதான அவங்க ஆயுதம் எடுத்தாங்க.

இந்தச் சண்டைக்காக 11 பேருக்கு விக்டோரியா கிராஸ், சார்டுக்கும் சேத்து. வீரத்துக்கு பிரிட்டன் குடுக்கிற மிக உயர்ந்த விருது அது, சிலுவை வடிவப் பதக்கம். லெப்டினன்டா இருந்தவரு ஒரே அடியா கேப்டன், பிரெவெட் மேஜர் (கௌரவமா குடுக்கிற மேஜர் பதவி)னு ஏறுனாரு. விக்டோரியா ராணி ஸ்காட்லாந்துல இருக்கிற தன்னோட பால்மோரல் மாளிகைக்கு கூப்பிட்டு மோதிரமே குடுத்தாங்க. அப்புறம் சைப்ரஸ், சிங்கப்பூர்னு அமைதியான வேலைதான், நாக்குல கேன்சர் வந்து 1897 நவம்பர்ல 49 வயசுலயே போயிட்டாரு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அவருக்கு கெடச்ச தென்னாப்பிரிக்கா பதக்கம் வெள்ளி, ஒரு பக்கம் ராணி தலை, மறுபக்கம் புதருக்கு முன்னாடி குனிஞ்சு நிக்கிற சிங்கம், அதுக்கு கீழ ஜூலு கேடயமும் ஈட்டிகளும். ரிப்பனுக்கு மேல இருக்கிற பட்டையில '1879'னு மட்டும்தான் இருக்கும், ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்டுக்குன்னு தனிப் பட்டை கெடையாது. அந்த வருஷம் ஜூலு நாட்டுல மூட்டை தூக்குன சிப்பாய்க்கும் இதே பட்டைதான். வித்தியாசம் எல்லாம் ஓரத்துல பொறிச்சிருக்கிற பேரு, பதவி, படைப்பிரிவுலதான் இருக்கு, அதனாலதான் சேகரிக்கிறவங்க மொதல்ல ஓரத்த திருப்பிப் பாப்பாங்க.

சார்டோட பதக்கத்த 1972ல நடிகர் ஸ்டான்லி பேக்கர் வாங்குனாரு, இந்தச் சண்டைய பத்தின சினிமாவுல சார்டா நடிச்சவரே அவருதான். அதோட சேந்து ஒரு விக்டோரியா கிராஸும் வந்துச்சு, நகல்னு சொல்லித்தான் வித்தாங்க. 1976ல அவர் செத்ததுக்கு அப்புறம் அதையும் நகல்னே நெனச்சு மலிவா வித்துட்டாங்க. 1996ல உலோகத்த சோதிச்சு பாத்தா, அது ராணுவம் சார்டுக்கு குடுத்த அசல் சிலுவையேதான். பேக்கருக்கு கடைசி வரைக்கும் அது தெரியாமலே போச்சேன்னு நெனச்சா எனக்கு இன்னும் மனசு கஷ்டமா இருக்கு.