பட்டியல் கேட்டு வந்த கடிதம்

அன்புள்ள சாருக்கு,

பெங்களூரில் பதினொரு வருடம் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு இப்போது மன்னார்குடிக்கே வந்துவிட்டோம். ராஜகோபாலசுவாமி கோயில் பக்கம் மாமனாரின் பழைய ஜவுளிக் கடை காலியாகக் கிடக்கிறது. அதில் சின்னதாக ஒரு புத்தகக் கடை வைக்கலாம் என்று இருக்கிறேன். மாதம் ஒரு வாசகர் சந்திப்பு, குழந்தைகளுக்குக் கதை சொல்லல், மூலையில் ஃபில்டர் காபி. தேக்கு அலமாரிக்கு எஸ்டிமேட் வாங்கியாகிவிட்டது. "இந்த ஊரில் யார் படிப்பார்கள்?" என்கிறார் கணவர். முதல் சரக்காக எந்த நூறு புத்தகங்களை வாங்கி வைக்கலாம்? ஒரு பட்டியல் தர முடியுமா? ஒவ்வொன்றிலும் பரிந்துரை அட்டை வைத்து உங்கள் பெயரையும் போட்டுக்கொள்ள ஆசை. மதியம் முழுக்க ஆளே வராமல் தனியாக உட்கார்ந்திருப்பேனோ என்ற பயமும் இருக்கிறது.

வ., மன்னார்குடி

அன்புள்ள வ.,

காபி வேண்டாம். பால் கணக்கு, டம்ளர் கழுவ ஆள், ஈ. பக்கத்து டீக்கடையில் சொல்லிவைத்தால் போதும். மாதச் சந்திப்பு நடத்துங்கள், பொன்னாடை மட்டும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையில் என் பெயர் வேண்டாம். தேக்கும் வேண்டாம். பெங்களூரில் 1971-இல் ஷான்பாக் தொடங்கிய பிரீமியர் புக்‌ஷாப் 2009-இல் மூடப்பட்டது. நீங்கள் பார்த்தீர்களோ என்னவோ. தரையிலிருந்து மேலே வரைக்கும் புத்தகம், ஆள் நுழைய ஒரு சந்து. கேட்ட புத்தகம் எந்தக் குவியலில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கடையின் அலமாரி என்ன மரம் என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது கொஞ்சம் திட்டப் போகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அலமாரி இருக்கிறது, காபி இருக்கிறது, ஒரு புத்தகத்தின் பெயர்கூட இல்லை. நூறு புத்தகம் விற்கப் போகிறவர், தான் தூங்காமல் படித்த ஒன்றைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பசியே எடுக்காதவர் மெஸ் வைப்பது மாதிரி இது. நீங்கள் படிப்பவர்தான், இல்லாவிட்டால் ஜவுளிக் கடையைப் பார்த்ததும் இந்த யோசனை வந்திருக்காது. அப்படியானால் எதற்கு என் பட்டியல்? என் நூறு புத்தகம் என் ஐம்பது வருடத்துக் கிறுக்கு. அது மன்னார்குடிக்குத் தோதுப்படாது.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். தனியாக உட்கார்ந்திருக்கும் பயம். போன மாதம் முழுக்க நான் எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். சீர்காழிக்காரர், சென்னை பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு வந்தார். ஒரு வாரம் தாங்கவில்லை. வகுப்பு நிறையப் பையன்களைப் பார்த்துப் பழகிய மனுஷனுக்குப் புத்தகங்களுக்கு நடுவே சும்மா உட்கார முடியவில்லை. கல்லூரி முதல்வரிடம் போய்ப் பழைய வேலையே கொடுங்கள் என்று கெஞ்சினார். முதலில் லண்டன் போய் நூலகப் படிப்பைப் படித்துவிட்டு வாரும், அப்புறம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர் வகுப்பறையை மறந்துவிட்டார். இந்திய நூலகத் துறைக்கே தந்தை என்று இன்றைக்குச் சொல்கிறோம், அவரே முதல் வாரத்தில் ஓடப் பார்த்தவர்தான். உங்களுக்குப் பயம் வந்தால் தப்பே இல்லை.

நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் புத்தகமாக வெளிவந்தது 1931-இல். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது மூன்றாவது விதி. அதே வருடம் அக்டோபரில், உங்கள் ஊரை ஒட்டிய மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற இன்ஜினியர் தானே வடிவமைத்த மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் புறப்பட்டது. சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் புத்தகம் வண்டி கட்டிப் போயிற்று. கணவரிடம் இதைச் சொல்லுங்கள். மன்னார்குடியிலிருந்து கடிதம் எழுதிய நீங்கள் அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த மூன்றாவது விதியை ரங்கநாதனின் பெயரே தெரியாத ஒருவரிடம் நான் முன்பே கற்றிருந்தேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆறடி அகலத்தில் ஒரு கடை. முன்னால் நோட்டு, கோனார் உரை, ஜியாமெட்ரி பாக்ஸ். பின்னால் புத்தகம். ஓரமாக ஒரு மர ஸ்டூல். கடைக்காரரை எல்லோருக்கும் அண்ணாச்சி என்றுதான் தெரியும். எனக்குப் பத்தொன்பது வயது. மாஸ்கோவில் அச்சான தடித் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைக் காட்டி, அது வேண்டும் என்றேன். விலை மலிவு, கையில் பிடித்தால் கம்பீரம். அண்ணாச்சி எடுத்துத் தரவில்லை. "இதுக்கு முன்னால எதையாவது பாதியில விட்டிருக்கியா?" என்று கேட்டார். விட்டிருந்தேன். "எந்த இடத்துல?" நாற்பதாம் பக்கம். ஏன்? பெயர்கள் குழம்பிவிட்டன. அவர் உள்ளே போய் மூன்றே பேர் வருகிற ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். "அது எங்கயும் போயிராது தம்பி. மொதல்ல இத முடிச்சிட்டு வா." விற்கக்கூடிய தடிப் புத்தகத்தை விற்காமல் அதில் பாதி விலைக்கு ஒன்றைக் கொடுத்தார். எனக்கு அன்றைக்கு அவமானமாக இருந்தது.

என்ன பிடிக்கும் என்று அவர் யாரிடமும் கேட்டுப் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்கு எல்லோரும் பொய்தான் சொல்வோம், மதிப்பான பெயராகப் பார்த்துச் சொல்வோம். எங்கே விட்டாய் என்று கேட்டால் பொய் சொல்ல வராது. ஒரு கண்டக்டர் வருவார், ஊர் வர்ணனை வந்தால் மூடிவிடுவார். அவருக்கு முதல் பக்கத்திலேயே யாராவது பேச ஆரம்பித்துவிட வேண்டும். ஒரு டீச்சர் இருந்தார், கதையில் குழந்தை செத்துப்போனால் அதற்குமேல் படிக்க மாட்டார். ஏன் என்று ஊருக்கே தெரியும், யாரும் பேச மாட்டார்கள். புதுப் புத்தகம் எடுத்தாரென்றால் அண்ணாச்சி தலை நிமிராமல், "அது வேண்டாம் டீச்சர்" என்பார். அவ்வளவுதான். டீச்சர் திருப்பி வைத்துவிட்டு வேறு எடுப்பார். அதற்காகவே அண்ணாச்சி எல்லாவற்றையும் முன்னாலேயே படித்து வைத்திருந்தார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. நீங்கள் எழுதி வைக்க நினைக்கிற பரிந்துரை அட்டையில் இது வருமா, சொல்லுங்கள்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் கண்டக்டரும் நானும் டீச்சரும் ஒருவருக்கொருவர் பழக்கமானோம். டீச்சர் பாதியில் விட்டதைக் கண்டக்டர் ஒரே மூச்சில் முடித்திருப்பார். அதை வைத்துச் சண்டை நடக்கும், நோட்டு வாங்க வந்த பையன்கள் வேடிக்கை பார்ப்பார்கள். யாரும் அதை வாசகர் சந்திப்பு என்று சொல்லவில்லை.

உங்கள் கேள்வி நூறு புத்தகம் பற்றியது, இல்லையா? நாற்பது வாங்குங்கள். எல்லாம் நீங்கள் முழுதாகப் படித்ததாக இருக்கட்டும். ஒரு நோட்டு போட்டு, வருகிறவர்கள் எந்தப் புத்தகத்தை எங்கே விட்டார்கள் என்று எழுதி வையுங்கள். மீதி அறுபதை எதில் வாங்குவது என்று மூன்று மாதத்தில் அந்த நோட்டிலிருந்தே தெரிந்துவிடும். யாரும் வராத மதியங்களில் அடுத்ததைப் படியுங்கள், வேறு எப்போது படிப்பீர்கள்?

தை மாதம் திருவாரூரில் ஒரு கல்யாணம் இருக்கிறது. வந்தால் மேலவாசலும் பார்க்க வேண்டும், உங்கள் கடைக்கும் வருகிறேன். ஸ்டூல் போட்டு வையுங்கள். சாய்மானம் உள்ள நாற்காலி வேண்டாம், என்னை மாதிரி ஆட்கள் எழுந்திருக்க மாட்டோம்.