டினோ 246 ஜிடியில் குதிரைச் சின்னம் இருந்தால் ஒரிஜினலா?

மூக்கில் ஃபெராரி குதிரை இருக்கிறது, அதனால் ஒரிஜினல் என்று விற்பவர் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விஷயம் நேர் எதிர். ஃபெராரி இந்தக் காரை 'டினோ' என்ற பெயரில்தான் விற்றது. குதிரை பெரும்பாலும் பின்னால் வந்த உரிமையாளர்கள் ஒட்டியது. சரி, அதைக் கழற்றிவிடலாம்.

முதலில் சேஸிஸ் எண். டினோக்களுக்கு இரட்டைப்படை எண்தான், ஒற்றைப்படை என்றால் உஷாராகிவிடுங்கள். அப்புறம் இன்ஜின் பிளாக்கில் பொறித்த எண்ணை டார்ச் அடித்துப் பாருங்கள். அரம் போட்ட தடமோ வரிசை தப்பிய இலக்கமோ தெரிந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

இதற்கு முந்தைய டினோ மாடலான 206 ஜிடிக்கு அலுமினிய உடல், 246-க்கு இரும்புத் தகடு, நன்றாகவே துருப்பிடிக்கும். சின்னக் காந்தத்தைப் பழைய பனியன் துணியில் சுற்றி (பெயின்ட் கீறினால் விற்பவர் சும்மா விடமாட்டார்) கதவுக்குக் கீழேயும் சக்கர வளைவிலும் நகர்த்துங்கள், ஒட்டாமல் நழுவும் இடத்தில் உள்ளே பட்டி, அதாவது துருவையும் பள்ளத்தையும் மறைக்கப் பூசிய பூச்சு.

1972-இல் வந்த, கூரை கழற்றும் ஜிடிஎஸ்ஸுக்கு விலை கூடுதல் என்பதால் ஜிடியின் கூரையை வெட்டியவர்களும் உண்டு. ஜிடிஎஸ்ஸில் பின்பக்க ஓரக் கண்ணாடி கிடையாது, அந்த இடத்தில் தகடுதான்.

சிவப்பைப் பார்த்து மயங்காதீர்கள். தொழிற்சாலையில் அடித்த நிறம் வேறு என்றால், என் கணக்கில் அந்தப் பழைய நிறத்துக்குத்தான் மதிப்பு. இத்தாலியின் மாரனெல்லோவில் ஃபெராரியின் பழைய கார்களுக்கான பிரிவான ஃபெராரி கிளாஸிகே சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸை ஆவணத்தோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள், அதைக் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.